கசகசா அளவு

வட்டம் 21, நெய்வேலி
14 ஜூன் 2015

அன்புக் கணவருக்கு,

இப்படி ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். மாமா என்றே எழுதுகிறேன்.

இங்கே அண்ணன், அண்ணி எல்லோரும் நலம். செல்போன் வெளிச்சம் பட்டால் இன்னும் கண்ணுக்குப் பின்னால் ஊசி இறங்குகிறது. போனில் உங்கள் குரலே காதுக்குள் ரம்பம் மாதிரி கேட்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். காகிதம் மட்டும் என்னை ஒன்றும் செய்வதில்லை. அதனால் இனி கடிதம்தான். அறையில் விளக்கு போடுவதில்லை. "ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கிற ஊர்ல இருட்டுல உக்காந்துகினு இருக்கிற ஒரே ஆளு எந்தங்கச்சிதான்" என்று அண்ணன் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும் வராததுமாகச் சொல்கிறார்.

பார்க்க வருபவர்கள் என்ன நோய் என்று கேட்கிறார்கள். லைம் என்று சொன்னால், "எலுமிச்சம்பழம் ஒத்துக்கலியா?" என்கிறார்கள். உண்ணி கடித்ததால் வந்தது என்று அண்ணி சொல்லத் தொடங்கியபின் எல்லோருக்கும் உடனே புரிந்துவிடுகிறது. அமெரிக்காவில் நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் நான் நடந்துபோனதையும், முழங்காலுக்குப் பின்புறம் கசகசா அளவில் ஒன்று ஒட்டியிருந்ததையும், மாத்திரை முடிந்த பிறகும் மூன்று வருடமாக மூட்டு எரிவதையும் நான் விளக்குவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது.

வார்த்தைகள் காணாமல் போவது நிற்கவில்லை. நேற்று அண்ணியின் ஊரான காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் வந்தது. உள்ளே மஞ்சளாக இருக்குமே, நாம் சாப்பிடுகிற பாகம், அதற்குப் பெயர் வரவில்லை. பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்தவளுக்கு! யாராவது சொன்னால் ஆமாம் அதுதான் என்று தெரிகிறது. நானாக எடுக்கப் போனால் இடம் காலி. இதோ கோடு போட்டு விடுகிறேன்: ________. நீங்கள் பதில் எழுதும்போது நிரப்பிவிடாதீர்கள். நான் பேசப் பேச முந்திக்கொண்டு முடித்துவைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டு.

நீங்கள் அனுப்பிய சொட்டுமருந்து, பொடி எல்லாம் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். உடம்பைச் சூடேற்றுகிற அந்த மருத்துவமனைக்குச் சரி என்று எழுதிவிடுங்கள். நான் எதற்கும் தயார். தேனீயைக் கொண்டுவந்து கொட்டவிடச் சொன்னாலும் தயார்.

உங்கள்
பிரியா

---

கனெக்டிகட்
5 ஜூலை 2015

என் பிரியாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்துக்கும் எடுத்துப் போனேன். கோடு போட்ட இடத்தை நிரப்பவில்லை. நாக்கு நுனியில் நிற்கிறது, நிற்கட்டும்.

மருத்துவமனைக்கு எழுதிவிட்டேன். அக்டோபரில் இடம் தருகிறார்கள். மயக்கம் கொடுத்து, உடம்பைக் கடும் காய்ச்சல் அளவுக்குப் பல மணி நேரம் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் மறைந்திருக்கிற கிருமி செத்துவிடும் என்கிறார்கள். ஆபத்து இல்லாமல் இல்லை. ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே இருக்கிற டாக்டர் இதைக் கேட்டதும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆனால் அவரிடம் இதற்கு மாற்று என்ன இருக்கிறது? "பொறுத்திருங்கள்" என்பதைத் தவிர மூன்று வருடமாக அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நீ சட்டைப் பொத்தான் போட முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த காலை எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து படிக்காத இணையப் பக்கம் இல்லை. புதிய பாட்டில் இரண்டு அனுப்பியிருக்கிறேன். பச்சை மூடி காலையில், கறுப்பு மூடி இரவில்.

காட்டுப் பக்கத்துச் சன்னலை நான் திறப்பதே இல்லை.

உன்
சிலம்பரசன்

---

வட்டம் 21
27 ஜூலை 2015

அன்பு மாமாவுக்கு,

நேற்று என் உடம்பிலிருந்து உண்ணியை எடுத்துவிட்டார்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

தொக்கம் எடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று அண்ணி ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குழந்தைகள் வயிற்றில் சோறு சிக்கிக்கொண்டால் குழல் வைத்து உறிஞ்சி எடுப்பார்களே, அந்த வைத்தியம். "நீ இன்னாத்துக்கு வெள்ளக்காரன் ஊருக்குப் போயி வெந்துகினு கெடக்கணும்? மே மாசம் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டுல நில்லு, அதே சூடு" என்றார். எதற்கும் தயார் என்று உங்களுக்கு எழுதியவள் இதற்கு மட்டும் எப்படி மறுப்பது? ஷேர் ஆட்டோவில் போனோம்.

வைத்தியர் மனைவி வாசலிலேயே என்ன சங்கதி என்று கேட்டார். "உண்ணி கடிச்சிடுச்சி, அமெரிக்காவுல. அதுலேர்ந்து எந்திரிக்க முடியல" என்று அண்ணி முழுக்கதையையும் ஒப்பித்தார். அந்த அம்மாள் உள்ளே போனார். நாங்கள் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். கொல்லையில் ஒரு பசு கட்டியிருந்தது.

வைத்தியர் ஈர வேட்டியோடு வந்தார். முழங்காலுக்குப் பின்னால் பித்தளைக் குழலை வைத்தார். கன்னம் குழிய உறிஞ்சினார். திரும்பி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் துப்பினார்.

"பாரு பிரியா, எம்மாம் பெருசு!" என்று அண்ணி மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

பார்த்தேன். ஆமணக்கு விதை அளவு. சாம்பல் நிறம். கால்களை ஆட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. சின்ன வயதில் நம் ஊர் மாட்டுக் காதில் நான் பிடுங்காத உண்ணியா?

"ஐயா, இது நம்மூர் உண்ணிங்களா, அமெரிக்கா உண்ணிங்களா?" என்று கேட்டேன்.

அவர் அசரவில்லை. "எந்த ஊரா இருந்தா இன்னாம்மா? வெளிய வந்துட்டுதில்ல?"

மாமா, நான் சிரித்துவிட்டேன். விலா வலிக்க, கண்ணில் நீர் வர. விஷம் இறங்குவதால்தான் சிரிக்கிறேன் என்று அவர் மனைவி சொன்னது இன்னும் சிரிப்பை மூட்டியது. இப்படிச் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியும்.

ஆட்டோவில், கடித்தது கசகசா அளவுதான் என்று அண்ணியிடம் சொன்னேன். அவர் உடனே, "ஏண்டி, அத முன்னாலயே சொல்றதுக்கு இன்னா? சொல்லியிருந்தா அந்தாளு கசகசாவே எடுத்துக் குடுத்திருப்பான்ல?" என்றார். ஓட்டுநரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனால் இரவு படுத்தபின் அண்ணி சொன்னது விளையாட்டாகத் தெரியவில்லை. நாம் எதைச் சொல்கிறோமோ அதையே எடுத்துக் காட்டுகிறார்கள். சூடேற்றும் மருத்துவமனைக்கு நாம் அனுப்பிய விண்ணப்பம் ஞாபகம் இருக்கிறதா? களைப்பு உண்டா, மறதி உண்டா, வலி இடம் மாறுமா? எல்லாவற்றுக்கும் ஆம் என்று எழுதினோம். ஆம் என்றே பதில் வந்தது. நான் கொஞ்சம் யோசிக்கிறேன்.

உங்கள்
பிரியா

---

கனெக்டிகட்
16 ஆகஸ்ட் 2015

பிரியாவுக்கு,

நீ சிரித்தது எனக்குச் சந்தோஷம். ஆனால் குழல் ஊதுகிறவரையும் பட்டம் படித்த மருத்துவர்களையும் ஒரே தட்டில் வைக்காதே. அங்கே ஆய்வகம் இருக்கிறது, குணமானவர்கள் பேசிய காணொளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் முடிவதற்குள் உறுதி செய்யச் சொல்கிறார்கள். யோசிப்பதற்கு இது நேரம் இல்லை. நீ குணமாக வேண்டாம் என்று நினைக்கிறாயோ என்றுகூட ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

சிலம்பரசன்

---

வட்டம் 21
9 செப்டம்பர் 2015

அன்பு மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நீங்கள் எழுதவில்லை, களைப்பு எழுதியது என்று வைத்துக்கொள்கிறேன்.

மந்தாரக்குப்பத்தில் சுப்புலட்சுமி என்று ஒரு டாக்டர் இருக்கிறார். அண்ணியின் சர்க்கரைக்கு அவரிடம்தான் போவது. துணைக்குப் போனவளைப் பார்த்து, "உனக்கு என்னம்மா?" என்றார். சொன்னேன். "இந்த நோயைப் புஸ்தகத்துலதான் பார்த்திருக்கேன். எனக்குத் தெரியாது. படிச்சிட்டுச் சொல்றேன், அடுத்த வாரம் வா" என்றார். மூன்று வருடத்தில் ஒரு மருத்துவர் தெரியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து அழுதேன்.

அடுத்த வாரம் போனபோது குறிப்பு எடுத்து வைத்திருந்தார். நான் சாப்பிடுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். துணிப்பை நிறையப் பாட்டில்கள். மேசை மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இரத்தம் பரிசோதித்ததில் ஈரல் கெட்டுப்போகத் தொடங்கியிருக்கிறது. உண்ணியால் அல்ல, பச்சை மூடி, கறுப்பு மூடியால். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். உடம்பில் இரும்புச்சத்தும் மிகக் குறைவாம். அதற்கு மட்டும் மாத்திரை.

"கிருமி போயிருக்கும். கலைச்சுப் போட்ட வீட்டை அடுக்கறதுக்குத்தான் நாளாவுது. வலி நெசம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். சீக்கிரம் சரியாப் போவும்னும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் நட, களைச்சுப்போறதுக்கு முன்னாடியே நிறுத்து, தூங்கு" என்றார். அவ்வளவுதான்.

இந்த ஈரலோடு மயக்க மருந்தும் சூடும் தாங்குமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "போனா நீ திரும்பி வருவியான்னு எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

நான் போகவில்லை, மாமா. கையெழுத்துப் போட மாட்டேன். குணமாக வேண்டும் என்பதால்தான் போகவில்லை.

பாட்டில்களை அன்பால்தான் அனுப்பினீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள்
பிரியா

---

வட்டம் 21
20 டிசம்பர் 2015

அன்பு மாமாவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. மழையில் தபால் தேங்கியிருக்கும் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் நம்புவதாக நடிக்கிறார்.

இந்த வருட மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுரங்கத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது, அதை இறைக்கிற வேலையில் அண்ணன் பல நாள் வீட்டுக்கே வரவில்லை. தாழ்வான ஊர்களிலிருந்து வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அண்ணி அங்கே சமைக்கப் போனார். நானும் போய் ஒரு காலைப்பொழுது வெங்காயம் உரித்தேன். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. அதற்கு மறுநாள் எழுந்துவிட்டேன். முன்பானால் இரண்டு வாரம் படுத்திருப்பேன்.

ஈரல் சரியாகிவிட்டது. வெளிச்சம் கொஞ்சம் தாங்குகிறது. விளக்கு போட்டுத்தான் இதை எழுதுகிறேன். மோசமான நாட்களும் உண்டு. போன வாரம் முழுக்க அப்படித்தான்.

கோடு போட்ட இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. நீங்கள் கோபத்தில்கூட அதை நிரப்பி அனுப்பவில்லை. அதைக் கவனித்தேன்.

உங்கள்
பிரியா

---

கனெக்டிகட்
17 ஜனவரி 2016

என் பிரியாவுக்கு,

கோபம்தான். வேறு சாக்கு இல்லை. நான் கட்டிய பாலத்தில் நீ ஏறவில்லை என்ற கோபம்.

இடத்தை ரத்து செய்ய மனம் வரவில்லை. மருத்துவமனைக்காரர்கள் தேதியைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தார்கள். உன் டிசம்பர் கடிதம் வந்த அன்று, அண்ணி ஆட்டோவில் சொன்னது திடீரென்று ஞாபகம் வந்தது. கசகசாவே எடுத்துக் குடுத்திருப்பான். அந்த விண்ணப்பத்தை மறுபடி திறந்தேன். இந்த முறை என் பெயரைப் போட்டேன். என்னை உண்ணி எதுவும் கடித்ததில்லை. நான் அந்தக் காட்டுக்குள் காலே வைத்ததில்லை. ஆனால் களைப்பு உண்டா? உண்டு. தூக்கம் கெடுகிறதா? ஆமாம். மறதி? கார் சாவி எங்கே என்று தினமும் தேடுகிறேன். முதுகுவலி, எரிச்சல், எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

பதில் உடனே வந்துவிட்டது. எனக்கும் அதே நோயாம். முற்றிய நிலையாம். கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்தால் சலுகை உண்டாம்.

சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி எல்லாம் சரியா என்று கேட்டார். என் உடம்பிலிருந்து உண்ணியை எடுத்துவிட்டார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ரத்து செய்துவிட்டேன். சுப்புலட்சுமி டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல். ஜூனில் வருகிறேன். அதற்குள் நீ குணமாகியிருக்க வேண்டும் என்று இல்லை. இருக்கிறபடி இரு.

சன்னலைத் திறந்துவிட்டேன். வெளியே பனி கொட்டுகிறது.

உன்
சிலம்பு

---

வட்டம் 21, நெய்வேலி
22 மே 2016

அன்பு மாமாவுக்கு,

இன்று காலை சைக்கிளில் போனேன்.

அண்ணனின் பழைய சைக்கிள். பெடல் மிதித்தால் முழங்கால் என்ன சொல்லும் என்று பயந்துகொண்டே வட்டத்துச் சாலையில் மரத்து நிழலில் இரண்டு வாரமாகப் பழகினேன். இன்று யாரிடமும் சொல்லாமல் டவுன்ஷிப்பைத் தாண்டி, வெயில் ஏறுவதற்குள் மந்தாரக்குப்பம் போய்விட்டேன். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னபடி, களைப்பதற்கு முன்னாலேயே. ஷிப்ட் பஸ்ஸிலிருந்து யாரோ, "செங்குட்டுவன் சார் தங்கச்சிதான அது?" என்று கத்தினார். கையை ஆட்டினேன். கீழே விழவில்லை.

மார்க்கெட்டில் பலாப்பழம் குவிந்து கிடந்தது. மாணிக்கம்மாள் என்று ஒரு வியாபாரி. ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்தேன்.

"தட்டினா மட்டும் தெரிஞ்சுடுமா? எட்த்துகினு போ, தேனு" என்றார்.

"எல்லாரும் தேனுன்னுதான் சொல்றீங்க. போன தபா வாங்கினது தண்ணியா இருந்துச்சி" என்றேன்.

"அது எங்கிட்ட வாங்கினதில்ல."

"சரி, சுளை எப்படி? கெட்டியா, கொழகொழன்னா?"

"வெட்டிக் காட்டறேன், நீயே பாத்துக்க."

வெட்டிக் காட்டினார். பேரம் பேசினேன், அவர் திட்டினார், வாங்கினேன். கேரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு திரும்பினேன். டவுன்ஷிப் நுழைவாயிலான ஆர்ச் கேட் அருகே வரும்போதுதான், என் வாயிலிருந்து என்ன வந்தது என்பது எனக்கே உறைத்தது. பிரேக் பிடித்தேன். பின்னால் வந்த மொபெட்காரர், "ரோட்ல நின்னுகினு இன்னாம்மா கனவு காணுற?" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். நான் அங்கேயே நின்றேன். இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தது. மறுபடியும் வந்தது.

வீட்டில் அண்ணி பழத்தையும் சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்ட ஆரம்பித்து, பாதியில் அழுது, முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்திக்கு எண்ணெய் தடவப் போய்விட்டார்.

வலி முழுக்கப் போகவில்லை. இன்று இரவு முழங்கால் எரியும், நாளை படுத்திருப்பேன். அது எனக்குத் தெரிந்த கணக்கு. பயமாக இல்லை.

ஜூனில் வரும்போது எந்தப் பாட்டிலும் வேண்டாம். சும்மா வாருங்கள். மந்தாரக்குப்பத்தில் இறங்கினால் போதும், நான் சைக்கிளில் வந்து நிற்கிறேன். பெட்டியைக் கேரியரில் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் நடந்து வாருங்கள்.

ஒரு வருடமாக நீங்கள் நாக்கு நுனியில் வைத்துக் காத்ததை இனிமேல் விழுங்கிவிடலாம். கோடு போட்ட இடத்தை நானே நிரப்புகிறேன்:

சுளை.

உங்கள்
இசைப்பிரியா

பின்குறிப்பு: அண்ணி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "தம்பி, அங்க கசகசா நல்லா கெடைக்கும்னா கால் கிலோ வாங்கிகினு வாங்க. பாத்து வாங்குங்க, காலு கீலு மொளைச்சிருக்கப் போவுது."