கூனிப்பாறைப் பல்லி

2023 அக்டோபர் 14
மழை விட்டதும் செல்வதாஸ் அண்ணனும் நானும் கூனிப்பாறை ஏறினோம். அண்ணனுக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. விடியுமுன் வெட்டப் போகும்போது தலையில் மாட்டும் லைட்டில் எனக்கும் ஒன்று தந்தார். அவர் வீடு பாறைக்கு நேர் கீழே. இரவு ஒன்பது மணிக்கு என்னை அசையாமல் நிறுத்தி, ஒரு பிளவைக் காட்டி, "அனங்காதிங்க ஜினி டீச்சரே, இன்னா இருக்கு பாருங்க" என்றார்.

விரல்நீளப் பல்லி. கழுத்தில் மஞ்சள். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. பள்ளிக்கூட வேலையும் ஆராய்ச்சியுமாக இரண்டு வருடம் அலைந்ததற்கு... கர்த்தாவே, அழுதுவிட்டேன்.

நவம்பர் 3
இங்கே பதினொன்று. வேறு ஆறு பாறைகளில் ஒன்றுகூட இல்லை.

2024 மே 20
கட்டுரை அச்சில் வந்துவிட்டது. இடத்தை எழுதவில்லை. 'மாவட்டத்தின் மேற்கே ஒரு குன்று', அவ்வளவுதான். இடம் தெரிந்தால் பிடித்து விற்கிறவர்கள் வருவார்கள் என்று எங்கள் துறையில் இப்படி மறைப்பது வழக்கம்.

"நம்ம பாறைக்க பேரு இதில எங்க?" என்றார் அண்ணன். விளக்கினேன். "நீங்க படிச்சவிய."

டிசம்பர் 11
பாறையை உடைக்க ஒரு குவாரிக்காரன் மனுப் போட்டிருக்கிறான். போனில் அண்ணன்: "வெடி வச்சா எனக்க வீடு நிக்குமா? நம்ம பல்லி இருக்குல்லா, அதச் சொல்லுங்க." சொல்வேன். எந்தக் கொம்பன் வந்தாலும் சொல்வேன்.

2025 பிப்ரவரி 18
குவாரி மனுமேல் அதிகாரி முன்னால் விசாரணை. கட்டுரையை நீட்டினேன். குவாரி வக்கீல் அதையே வாங்கி உரக்க வாசித்தான். "கூனிப்பாறைன்னு இதில எங்க இருக்கு மேடம்?"

இல்லை. படங்களில்? பாறை அடையாளம் தெரியாதபடி நானே வெட்டியவை. என் குறிப்பேடா? "அத நேத்தும் எழுதியிருக்கலாமே." சிரித்தார்கள். நேரில் காட்ட மூன்று வாரம் தந்தார் அதிகாரி.

மார்ச் 9
அதிகாரியோடு இரவு முழுக்கப் பாறையில். பாவிகள் முந்தின வாரமே புல், புதர் எல்லாவற்றுக்கும் தீ வைத்துவிட்டார்கள். பிளவெல்லாம் கரி. அண்ணன் ஒவ்வொரு பிளவிலும் லைட் அடித்துக் கெஞ்சினார். "வாடே மக்கா, ஒருக்க வா."

ஒன்றும் வரவில்லை. விடிந்ததும் அதிகாரி எழுதிக்கொண்டார்: காணப்படவில்லை.

மார்ச் 10
பல்லியைக் காப்பாற்றத்தான் மறைத்தேனா? யாருக்கு இந்தக் கதை? எனக்கு முன்னால் வேறொருத்தன் வந்து மீதி ஆராய்ச்சியை எழுதிவிடுவான் என்ற பயம். அதுதான். தூ!

ஜூன் 21
முதல் வெடி. அண்ணன் வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். திட்டட்டும் என்றுதான் போனேன். கட்டன்காப்பி தந்தார். "எனக்க பேரு வேண்டாம் டீச்சரே. பாறைக்க பேரையாவது போட்டிருக்கலாம்."

ஜூன் 24
பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பினேன். கிடைத்த இடம்: திற்பரப்புக்குக் கிழக்கே, கூனிப்பாறை, தெற்குப் பார்த்த பிளவு, செல்வதாஸ் வீட்டுக்கு நேர் மேலே. காட்டியவர்: செல்வதாஸ்.

இனி யார் வேண்டுமானாலும் வரலாம்.