துறைமுகம் தானே சொல்லவேண்டிய செய்தி

மொன்றியல், 2007

சோறு போட்டுக்கொண்டே என்னோடு சண்டை பிடிக்கும் என் மேரி அக்காவுக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு வருடமாகிறது. இந்த ஒரு வருடமாக என்னோடு ஒழுங்காக வாதாட ஆள் இல்லை. றெஜினாவோடு வாதாடலாம்தான், ஆனால் என் மனைவி இரண்டாவது வசனத்திலேயே வென்றுவிடுவாள். உங்களிடம்தான் நான் ஆறுதலாக, நேரமெடுத்துத் தோற்பேன்.

முதலில் வீட்டுப் புதினம். நான் இன்னும் துறைமுகத்திலிருந்து கொள்கலன் லொறிதான் ஓட்டுகிறேன். மகள் அனிதா படித்து முடித்துவிட்டாள். உங்களுடைய கறுப்புக் குளிர்கோட்டை அவள்தான் போடுகிறாள். கை கொஞ்சம் கட்டை, மணிக்கட்டு வெளியே தெரிகிறது. வேறு வாங்கித் தருகிறேன் என்றால் கேட்கிறாளா? பக்கத்து நகரம் லவாலில் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசுகிறோம். நல்ல பெடியன், பெற்றோரும் தங்கமான மனிதர். ஊரில் திரும்பவும் சண்டை, அக்கா. அதைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

பெரிய புதினம் இனித்தான். எனக்குக் காசநோய் வந்தது. பதறாதீர்கள், மருந்து எடுக்கிறேன், தேறிவிட்டேன். குளிர் தொடங்கியதிலிருந்து இருமினேன். பழியைக் குளிரின் தலையில் போட்டுவிட்டு லொறி ஓட்டினேன். கடைசியில் றெஜினா காதைப் பிடிக்காத குறையாக டொக்டரிடம் இழுத்துப் போனாள். அவளையும் அனிதாவையும் சோதித்தார்கள். மாதாவே, இருவருக்கும் ஒன்றுமில்லை.

பிறகு சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வந்தார். அவர் பிரெஞ்சில் கேட்க அனிதா தமிழில் சொன்னாள்: பூட்டிய அறையில் மணிக்கணக்காக ஆரோடு இருந்தீர்கள்? வேறு ஆரோடு? கோயிலின் நிலவறையில், யன்னலே இல்லாத அந்த அறையில், வியாழக்கிழமை தோறும் பாடிப் பழகுகிற எங்கள் பாடகர் குழாத்தோடுதான். அதுவும் என் குரலைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அடிவயிற்றிலிருந்து காற்றை அள்ளி வீசுகிற குரல். நேர்ஸ் எல்லோர் பெயரையும் கேட்டு எழுதினார். ஒவ்வொருவரோடும் தானே கதைப்பதாகவும் என் பெயரை வெளியே விடப்போவதில்லை என்றும் சொன்னார்.

கதைத்தார். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்? "எங்கடை ஆக்களுக்கு உப்பிடி ஒண்டும் வராது" என்று போனை வைத்தார்கள். வைத்த கையோடு றெஜினாவுக்கு எடுத்து, "ஆருக்காம் அந்த வருத்தம்?" என்று விசாரித்தார்கள். "எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"இஞ்சேருங்கோ, கலியாணம் முடியுமட்டும் வாயைத் திறவாதேங்கோ. பிள்ளையின்ரை வாழ்க்கையப்பா" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? இந்த நோயின் பெயர் ஒரு வீட்டில் ஒட்டினால் அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரோடும் ஒட்டும். நானும் வாயை மூடிக்கொண்டேன். டொக்டர் சொன்னபடி வீட்டோடு கிடந்ததற்கு முதுகுவலி என்று சொல்லிவைத்தோம்.

ஆனால் சனம் சும்மா இருக்குமா? ஆளைத் தேடியது. எங்கள் குழாத்தில் பாடுகிற தோமஸ் அண்ணையைப் பிடித்தது. அவர் சிகரெட் குடித்த காலத்திலிருந்தே இருமுகிறவர், பாவம். பூசையில் அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை என்று அனிதா வந்து சொன்னாள். அதன்பிறகு அவர் கோயிலுக்கே வரவில்லையாம்.

மருந்து பிடித்து, டொக்டர் வேலைக்குப் போகலாம் என்று விட்ட முதல் நாள், துறைமுக வாசலில் லொறி வரிசையில் நிற்கிறேன். உங்கள் குரல் கேட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

நீங்கள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் ஆயுள் முழுக்கப் படிப்பித்த விஷயத்தை வைத்து எத்தனை தரம் உங்களைச் சீண்டியிருப்பேன்! முதலாம் உலகப்போர் முடிந்து இனிப் போர் வராமல் தடுக்க நாடுகள் சேர்ந்து ஜெனீவாவில் ஒரு சங்கம் அமைத்தன. இரண்டாம் போர் அதை விழுங்கியது. "சண்டையை நிப்பாட்டத் தெரியாத சங்கத்துக்கு ஏனக்கா வக்காலத்து வாங்கிறியள்?" என்பேன். அகப்பையை என் பக்கம் நீட்டுவீர்கள்.

"டேய், தோத்தது மேல் மாடியிலை பேசினவை. கீழ் மாடியிலை வேலை செய்தவையைப் பார்!"

காசு பெறுமதியிழந்து விழுந்த நாடுகளுக்குக் கடன் ஒழுங்கு செய்தவர்கள். ஒரு நாட்டின் கணக்கை இன்னொரு நாட்டின் கணக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி எல்லோரையும் ஒரே மாதிரி எழுதவைக்கப் பாடுபட்டவர்கள். பெண்களையும் பிள்ளைகளையும் கடத்தி விற்பதைத் தடுக்கப் பார்த்தவர்கள். எல்லாவற்றையும் சொல்லி, கடைசியில் உங்கள் செல்லப்பிள்ளைக்கு வருவீர்கள்: சிங்கப்பூரில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம். ஆசியத் துறைமுகங்கள் கிழமைதோறும் அதற்குத் தந்தி அடிக்கவேண்டும். இங்கே பிளேக், இங்கே வாந்திபேதி, இங்கே ஒன்றுமில்லை. அதைத் திரட்டி அவர்கள் வானொலியில் விட, கடலில் போகிற கப்பலும் கேட்கும்.

"எந்தத் துறைமுகம் தனக்குப் பிளேக் எண்டு தானே சொல்லும்? ஒரு கப்பலும் வராதே" என்று மடக்கினேன்.

"விசரா, ஒருத்தரும் சொல்லாட்டி எல்லாத் துறைமுகத்திலையும் சந்தேகம். தானே சொன்ன துறைமுகத்துக்கு என்ன ஆயத்தத்தோடை போகோணும் எண்டாவது தெரியும்" என்றீர்கள்.

வரிசை நகர்ந்தது; பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். எனக்குத் தோமஸ் அண்ணையின் முகம்தான் முன்னால் நின்றது.

வீட்டுக்குப் போய் முதலில் அனிதாவைக் கேட்டேன். வாழ்க்கை அவளுடையது அல்லவா?

"அப்பா, நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவன். மாமி இருந்திருந்தா உங்களைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போயிருப்பா. இதுக்கு ஓடுற ஆக்களெண்டா இப்பவே ஓடட்டும்" என்றாள். உங்கள் வாய் அப்படியே அவளுக்கு. றெஜினா அழுதாள், என்னோடு கதைக்காமல் இருந்தாள். ஆனால் வியாழக்கிழமை சேலை கட்டிக்கொண்டு என்னோடு வந்து முன் கதிரையில் இருந்தாள். தோமஸ் அண்ணையையும் நான் போன் எடுத்துக் கெஞ்சி வரவழைத்திருந்தேன்.

பாட்டுத் தொடங்க முதல் எழும்பினேன். "அந்த வருத்தம் எனக்குத்தான். தோமஸ் அண்ணைக்கு இல்லை. இனி என்னாலை ஒருத்தருக்கும் தொத்தாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். உங்களுக்குத் தொத்தியிருக்கோ எண்டு பாக்கத்தான் நேர்ஸ் எடுக்கிறா. தயவுசெய்து போனை எடுங்கோ."

ஒருவர் தன் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். பதினைந்து வருடம் பக்கத்தில் நின்று பாடிய மனிதர்.

தோமஸ் அண்ணை எழும்பி வந்தார். எனக்குப் பக்கத்துக் கதிரையில் பொத்தென்று இருந்தார். "அட பாவி! உன்ரை வருத்தத்தை ஏன்ரா என்ரை தலையிலை கட்டினனீ?" என்றார். முதலில் சிரித்தது றெஜினா. பிறகு எல்லோரும். கதிரையை இழுத்தவரும்தான், கடைசியாக. அடுத்த கிழமைக்குள் குழாத்தில் அநேகம் பேர் போய்ச் சோதித்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் கிருமி உடம்பில் ஒளித்திருந்ததாம், நோயாக மாறமுதல் பிடித்துவிட்டார்கள். எனக்கு அது போதும்.

ஆனால் கதை லவாலுக்கும் எட்டி, அங்கிருந்து வந்த போன் நின்றுவிட்டது.

இங்கேதான் உங்களோடு எனக்கு வழக்கு. முதலில் உண்மை சொன்ன துறைமுகம் எவ்வளவு காலம் வெறுமனே கிடந்தது? அதை எனக்குச் சொல்லவில்லையே நீங்கள்! தெரிந்துதான் மறைத்தீர்களா, நான் வென்றுவிடுவேன் என்று? வாரக்கணக்காக றெஜினா போனைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். அனிதா மட்டும் உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல வேலைக்குப் போய்வந்தாள்.

போன ஞாயிறு போன் அடித்தது. பெடியனின் தாய். அவர் கலியாணத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. குரலைத் தாழ்த்தி, "அண்ணை, ஒரு உதவி. இவருக்குப் போன கோடையிலை துவங்கின இருமல். நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அந்த நேர்ஸின்ரை நம்பரைத் தருவியளோ?" என்றார்.

நம்பர் கொடுத்தேன். குறித்த நாளில் பெடியனின் தாய் தகப்பனை நானே காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரெஞ்சு கதைக்க அனிதா வந்தாள். தகப்பன் உள்ளே போக, நாங்கள் அறைக்கு வெளியே காத்திருந்தோம். கலியாணத்தைப் பற்றித் தாயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தத் தாய் சும்மா அனிதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி அவளுடைய கோட்டுக் கையை மணிக்கட்டு மூட இழுத்துவிட்டார்.

"கை கட்டையாக் கிடக்கு, பிள்ளை. குளிரப்போகுது" என்றார்.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், அக்கா. கலங்கின கண்ணை மறைக்க இருமல் வந்ததுபோலப் பாவனை பண்ணவும் வழியில்லை, அது எந்த இடம் என்று தெரியும்தானே!

ஒரு வாக்குத் தருகிறேன். இனி அந்தச் சங்கம் தோற்றது என்று எவராவது சொன்னால், எந்த மாடி என்று கேட்பேன். என் வீட்டுச் செய்தி, நல்லதோ கெட்டதோ, இன்னொருவர் வாயால் உங்களுக்கு வராது. நானே சொல்வேன்.

உங்களிடம் தோற்கவென்றே பிறந்த தம்பி,
அருள்