கதாநாயகியின் பலவீனம்

மார்ச் 9, ஞாயிறு

கொட்டகலை வாசகர் வட்டத்தில் இன்று ஒரு நாவலின் கதாநாயகியைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகளை விட்டுவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறவள். ஊரில் வேறு வழி தேடாதது அவளுடைய பலவீனம் என்றேன். பாதியில் என் பழைய மாணவி செல்வி எழுந்தாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க சார்."

அவள் போன பிறகு பக்கத்தில் இருந்த ராணி சொன்னாள்: "அடுத்த வாரம் அவளும் குவைத்துக்குத்தான் போறா சார். ஒங்கள கும்பிட்டுட்டுப் போகணும்னு வெத்தலை வாங்கிட்டு வந்தா. அப்படியே கொண்டு போயிட்டா."

நாளை வட்டவளைக்குப் போய் அவளைப் பார்க்க வேண்டும். கதாநாயகியை நான் தவறாகப் படித்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால், எந்தப் பக்கத்த வச்சுச் சொல்றீங்க என்று கேட்பாள். அப்படிக் கேட்கப் பழக்கியதே நான்தான். நாவலை மறுபடி புரட்டிக்கொண்டிருக்கிறேன். கண் எரிகிறது. பக்கம் இன்னும் கிடைக்கவில்லை.