கிழிக்க மறந்த தாள்

மாதுங்கா, 2 நவம்பர் 1964, திங்கள்

நேற்று மாலை காம்பவுண்டில் டென்னிகாய்ட் ஆடும்போது, ரப்பர் வளையம் பேத்தி அபயத்தின் வலக்கண்ணில் பட்டது. அவளுக்கு ஒன்பது வயது. மகன் கல்கத்தாவில், முடிவு என் தலையில். ஒழுங்காக யோசிக்கிறேன்:

1. காயமில்லை, ரத்தமில்லை.
2. சிவப்பு தணிகிறது.
3. பார்வைக்குப் பழுதில்லை. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, தேதி கிழிக்கும் காலண்டரில் இராகு காலம் வாசித்தாள்: ஏழரை–ஒன்பது. சரி.
4. ஆகவே டாக்டருக்கு அவசரமில்லை.

6 நவம்பர், வெள்ளி

"பத்தரை–பன்னண்டு." இன்றைய சோதனையிலும் அபயம் தயங்காமல் சொன்னாள்.

மருமகள் பாகீரதி: "தம்ளரை நீட்டினா தள்ளிப் பிடிக்கறாப்பா. டாக்டர்ட்ட காட்டிடலாமே."

காலண்டர் சோதனையைச் சொன்னேன். தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தப்புப் பண்ணுகிறேனோ?

11 நவம்பர், புதன்

பால் பூத்தில் வரிசை. திரும்பியதும் சோதனை. "பன்னண்டு–ஒண்ணரை" என்றாள். புதன்கிழமைக்குச் சரிதான். பிறகுதான் பார்த்தேன் — தாளைக் கிழிக்கவே இல்லை. தொங்கியது செவ்வாய். மூன்று–நாலரை.

இவள் வாசிக்கவில்லை. இந்த வீட்டில் யாருக்கு இராகு காலம் மனப்பாடமில்லை? எதைப் போய்ப் படிக்கச் சொன்னேன்...

"நிஜத்தைச் சொல்லு. என்ன தெரியறது?"

"பனி மாதிரி இருக்கு, தாத்தா. அம்மாட்ட சொல்லாதே. சனிக்கிழமை மேட்ச்."

சொல்லிவிட்டேன். பாகீரதி திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

12 நவம்பர், வியாழன்

கிளம்பும்போது ஒன்றரை, இராகு காலம். வாயைத் திறந்தேன். பாகீரதி அதற்குள் படி இறங்கிவிட்டாள். நானும் இறங்கினேன்.

சயானில் கண் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். வெளியே காயம் இல்லாமலே உள்ளே லென்ஸ் இடம் பிசகிப் புரை கட்டியிருக்கிறதாம். கண்ணின் அழுத்தமும் ஏறியிருக்கிறது. லென்ஸை எடுத்தாக வேண்டும். பார்வை திரும்புமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாகீரதி கேட்டாள். எடுத்த பிறகுதான் தெரியும் என்றார்.

16 நவம்பர், திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. கட்டுப் போட்டிருக்கிறது. எழுத ஓடவில்லை.

17 பிப்ரவரி 1965, புதன்

வலக்கண்ணுக்குத் தடிக் கண்ணாடி. நல்ல கண்ணைப் பஞ்சு வைத்து மூடி, தினமும் பழக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஜன்னலையும் விளக்கையும்தான் அடையாளம் சொன்னாள்.

இன்று தாளைக் கிழிக்காமல் விட்டேன், வேண்டுமென்றே. கேட்கப் பயம். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். நல்ல கண்ணில் பஞ்சோடு அவளாகக் காலண்டரிடம் போய், மூக்கு இடிக்கிறாற்போல் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"என்ன தாத்தா, இன்னும் செவ்வாய்க்கிழமையே தொங்கறது?"

எழுந்து கிழித்தேன்.

நவம்பர் இரண்டாம் தேதி எழுதியதில் மூன்றாவது வரி தவறு. இன்றுதான் வாசித்தாள்.