இருபத்திரண்டு படிகளில் ஒரு நாடகம்

செப்டம்பர் 9

செயலாளர் ஆகிவிட்டேன். போட்டிக்கு யாரும் இல்லாததால் வாக்கெடுப்பே நடக்கவில்லை. பல்கலைக்கழக நாடக மன்றத்தில் மொத்தம் பதினான்கு பேர். என்னைத் தவிர பதின்மூன்று பேரும் என் பெயரைச் சொல்லிவிட்டு ஆளை விட்டால் போதும் என்று கிளம்பினார்கள். பொறுப்பாசிரியர் மட்டும் நின்று வாழ்த்தினார். "இந்த வருஷ நாடகம் பாதி எழுதிட்டேன்மா," என்றார்.

வருடா வருடம் அவரேதான் எழுதுகிறார். எட்டு வருடமாக ஒரே கதை. கெட்டுப்போகவிருக்கும் ஓர் இளைஞன் வருவான், அவனுக்கு ஒரு பேராசிரியர் வருவார், ஐந்தாம் காட்சியில் பேராசிரியர் இருபது நிமிடம் அறிவுரை சொல்வார், இளைஞன் அழுது திருந்துவான். அதனால் மன்றத்தில் அவருக்குப் பெயரே 'ஐந்தாம் காட்சி'. முதல் வருடம் நான் அந்த இளைஞனின் தங்கை. போன வருடம் அவனைப் பெற்ற தாய். இந்த வருடம் அவனோடு எனக்கு எந்த உறவும் கிடையாது.

செப்டம்பர் 26

புது மாணவர் வரவேற்பில் பத்து நிமிடக் குறுநாடகம். பாதியில் மைக் செத்துவிட்டது. ஒட்டடைதான் காப்பாற்றினான். (எங்களில் உயரமானவன், கையை நீட்டினால் கூரையில் ஒட்டடை அடிக்கலாம், அதனால் அந்தப் பெயர்.) தொண்டை கிழியக் கத்தினான், கடைசி வரிசைவரை கேட்டது. புதிதாக ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

அக்டோபர் 14

என் நாடகத்தை எழுதி முடித்துவிட்டேன்.

அம்மா ஓர் ஆஸ்பத்திரியில் 'விசாரணை' என்று பலகை மாட்டிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். பதினாறு வருடமாக. எந்த டாக்டர் வந்திருக்கிறார், எந்த அறை, ரிப்போர்ட் எப்போது வரும் என்று ஊரே அவளைக் கேட்கும். அவளிடம் யாரும் எதையும் சொல்லி வைப்பதில்லை. ஒருநாள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இன்னைக்கு நானூறு பேருக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வரேன். நானூத்தி ஒண்ணாவதா நீ எதையும் கேட்டுடாதே," என்றாள். அங்கே ஆரம்பித்தது. நாடகத்தில் ஒரு விசாரணைக்காரி, மூன்று மேஜைகள், அங்குமிங்கும் அலைக்கழிக்கப்படும் ஒரு மனிதன். கடைசியில் அவளே நாற்காலியை விட்டு எழுந்து பதிலைத் தேடிப் போகிறாள்.

ஊசிக்குப் படித்துக் காட்டினேன். மன்றத்துக்கு உடை தைப்பவள் அவள். பேச்சும் சுருக்கென்றுதான் இருக்கும். விழுந்து விழுந்து சிரித்தாள், கடைசிப் பக்கத்தில் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லா இருக்குடி. அவர் விடுவாரா?" என்றாள்.

அக்டோபர் 17

விடவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. ஆனா இதுல யாருமே திருந்தலையேமா?" என்றார் ஐந்தாம் காட்சி.

"திருந்த வேண்டியவங்க யாரும் இந்த நாடகத்துல நடிக்கல சார்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், என் பிரதியை மேஜையின் என் பக்கத்துக்குத் தள்ளினார். "மன்றத்துக்குன்னு ஒரு முறை இருக்கு," என்றார். எட்டு வருடப் பழக்கத்துக்கு முறை என்று பெயர் வைத்தாயிற்று. அவர் எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? எங்களையும் எழுதவிட்டால் என்ன குடி முழுகிப் போகும்?

அக்டோபர் 30

கூட்டம் போட்டேன். 'பொறுப்பாசிரியரின் நாடகத்தில் நடிக்க மாட்டோம்' என்ற தாளில் பதினாறு பேர் கையெழுத்து. ஏழு பேர் அவர் பக்கம் போய்விட்டார்கள். போகட்டும், இளைஞன் வீட்டுக்கும் ஆள் வேண்டுமே.

நவம்பர் 3

ஒத்திகை அறையின் பூட்டை மாற்றிவிட்டார்கள். என் சாவி உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் நாங்கள் போன வாரம் வண்ணமடித்த மூன்று மேஜைகளும் உள்ளே. கதவில் அவர் கையெழுத்துடன் ஒரு தாள்: அனுமதியில்லாமல் அறையைப் பயன்படுத்தக் கூடாதாம்.

பூட்டு மாற்றுறதுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க என்ன திருடவா வந்தோம்? நாளைக்கு ஒத்திகை உண்டு. எங்கே என்று தெரியாது. உண்டு.

நவம்பர் 11

சைக்கிள் நிறுத்துமிடத்தில் காவலாளி விரட்டினார். நூலகத்தின் பின்புறத்தில் நூலகர் ஜன்னலைத் திறந்து உதட்டில் விரல் வைத்தார். உணவகத்தில் எங்கள் வசனம் எங்களுக்கே கேட்கவில்லை. கடைசியில் பழைய அறிவியல் கட்டடத்தின் கூடத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே அகலமான மாடிப்படி. பதினொரு படி ஏறினால் நடுவில் ஒரு தளம், அங்கிருந்து இன்னும் பதினொரு படி. லிஃப்ட் வந்தபிறகு அதில் ஏறுபவர்கள் குறைவு. கூடத்தில் நின்றால் இருபத்திரண்டு படியும் முழுசாகத் தெரிகிறது.

நவம்பர் 13

மேஜை இல்லாததால் விசாரணைக்காரியை நடுத்தளத்தில் ஒரு முக்காலியில் உட்கார வைத்தேன். "மேல கேளுங்க" என்று அவள் சொன்னதும் ஒட்டடை நிஜமாகவே மேலே ஏறினான். மேலே இருப்பவன் "கீழ கேளுங்க" என்றதும் இறங்கினான். ஏழாவது தடவை ஏறும்போது அவனுக்கு மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடு கேள்வியைக் கேட்டான். எல்லாரும் சிரித்து, சட்டென்று நிறுத்தினோம். நான் எழுதியபோது இந்த இடம் இவ்வளவு நன்றாக இல்லை. மதிய வகுப்பில் உட்கார்ந்தபடியே பிரதியில் மூன்று மேஜைகளையும் அடித்துவிட்டு முழு நாடகத்தையும் படிகளுக்கு மாற்றினேன். யார், எந்த வசனத்துக்கு, எந்தப் படியில்.

டிசம்பர் 5

தேர்வு. ஒத்திகை இல்லை. வீட்டு மாடிப்படியில் ஏறும்போதும் கால் தானாக எண்ணுகிறது.

ஜனவரி 20

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. பொறுப்பாசிரியர் கையெழுத்து இல்லாமல் பெயர் கொடுக்க முடியாது. அவர் தன் ஏழு பேரோடு போனார். வெறுங்கையோடு திரும்பினார்களாம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் இருந்தது.

மார்ச் 18

பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். ஐந்தாம் காட்சியின் இளைஞனாக நடிப்பவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். திருந்துவதற்கு ஆள் இல்லாமல் நாடகம் ரத்து.

"ஏப்ரல் ரெண்டு, ஆண்டு விழா. பெரிய அரங்கம் உங்களுக்கு. போட்டுடுங்க," என்றார் பதிவாளர். "அரங்கத்துல தயாரிப்பு எதுவும் வரலைன்னா விதிப்படி மன்றத்தை அங்கீகாரப் பட்டியல்ல இருந்து எடுக்க வேண்டியிருக்கும். அதையும் சொல்லிடறேன்."

வெளியே வந்து ஊசியைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். ஜெயித்துவிட்டோம்!

மார்ச் 20

ஜெயிக்கவில்லை.

முதல் முறையாகப் பெரிய மேடையில் ஒத்திகை. நான்கு மாதம் படியிலேயே பழகிய கால்கள். சமதரையில் ஒவ்வொருத்தரும் இல்லாத படிக்கு முழங்காலைத் தூக்குகிறார்கள். கீழே இறங்குகிற இடத்தில் ஒட்டடை இல்லாத படியில் கால் வைத்து, நிலைதடுமாறித் திரையோடு போய் விழுந்தான். விசாரணைக்காரி "மேல கேளுங்க" என்று கை காட்டினாள். மேலே விளக்கு மட்டும்தான் இருந்தது. படி எண்ணித்தான் எல்லாருக்கும் வசனமே மனப்பாடம். எண்ணப் படி இல்லாததால் வசனமும் போயிற்று. ஒருத்தர் பேசவேண்டிய இடத்தில் மூன்று பேர் பேசினார்கள், மூன்று பேர் பேசவேண்டிய இடத்தில் ஒருவரும் பேசவில்லை.

இதற்குக் காரணம் நான்தான். படிக்கு மாற்றியது நான், ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டுக்கொடுத்தது நான்.

மார்ச் 21

மேடையில் போட அதே படிக்கட்டை வரைந்துகொண்டு பட்டறைத் தச்சரிடம் போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறு படின்னா இந்த வாரமே செஞ்சு தரேன்மா. இருபத்திரண்டு படி, நடுவுல ஒரு தளம், அதுல பத்துப் பேர் ஓடணும்னா அது வீடு கட்டுற வேலை."

மார்ச் 22

அரங்கம் வேண்டாம், அதே நாளில் படிக்கட்டில் போடுகிறோம் என்று பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன். கையெழுத்துக்கு எல்லாரிடமும் நீட்டினேன். நல்ல முடிவு என்று தோளில் தட்டுவார்கள் என நினைத்தேன்.

ஊசி பேனாவை வாங்கவே இல்லை. "நீயே முடிவு பண்ணுவ, நீயே எழுதுவ, எங்ககிட்ட கையெழுத்து மட்டும் கேப்ப. இதையே அவர் செஞ்சா ஊரைக் கூட்டுவ. மன்றமே போயிடும்னு பதிவாளர் சொன்னாரா இல்லையா? அது உன் ஒருத்தியோட மன்றமா?"

கடிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமா வெட்கமா தெரியல. ஆமா, நானும் ஒரு ஐந்தாம் காட்சிதான் போல.

மார்ச் 23

கடிதத்தை எல்லார் முன்னாலும் கிழித்தேன். எது நடந்தால் எது போகும் என்று சொன்னேன். மேடையில் போட்டால் மன்றம் பிழைக்கும், நாடகம் நொண்டும். படியில் போட்டால் நாடகம் நிற்கும், மன்றம் போகும். பிறகு வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் நான் பேசாமல் இருந்தது இதுவே முதல் தடவை.

ஒட்டடைதான் முதலில் எழுந்தான். முழங்கையில் இன்னும் கட்டு. "மன்றம் இருந்துச்சு. எட்டு வருஷம் இருந்துச்சு. அதுல நமக்கு என்ன கிடைச்சுது? அழுது திருந்தினோம். நான் படிக்கு."

பதினொரு பேர் படிக்கு, ஐந்து பேர் மேடைக்கு. மேடைக்குக் கை தூக்கியவர்களில் ஊசியும் ஒருத்தி. தூக்கிய கையை இறக்கிவிட்டு, "சரி, விசாரணைக்காரி பாவாடையைக் கொஞ்சம் குட்டையாக்கணும். படியில தடுக்குது," என்றாள்.

மார்ச் 24

புதுக் கடிதம், பதினாறு கையெழுத்து. பதிவாளர் இரண்டு தடவை படித்தார். "அரங்கம் கேட்டு வராதவங்க இல்ல. வேண்டாம்னு வந்தவங்க நீங்கதான் முதல்," என்றார். விளைவு தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன்.

ஏப்ரல் 2

மாலை ஐந்து மணி. அரங்கத்தில் ஆண்டு விழா தொடங்கிய அதே நேரம். முப்பது பேர் வந்தால் போதும் என்று இருந்தேன். கூடம் நிறைந்து, ஜன்னல் விளிம்புகளில் எல்லாம் ஆட்கள். விடுப்பு எடுக்காத அம்மா விடுப்பு எடுத்து வந்து தூணோரம் நின்றாள்.

இரண்டாம் காட்சியின் நடுவில் மேல்மாடிக் கதவு திறந்தது. ஐந்தாம் காட்சி! அவர் அறை அந்த மாடியில்தான், தினமும் லிஃப்டில் போய்வருபவர். கையில் பை, வீட்டுக்குக் கிளம்பியவர். ஐந்து மணிக்கு மேல் லிஃப்ட் ஓடாது, இறங்க வேண்டுமானால் எங்கள் நாடகத்துக்குள் இறங்க வேண்டும். ஏழாவது தடவையாக மூச்சிரைக்க மேலே வந்த ஒட்டடை அவரைப் பார்த்தான்.

"ஐயா, நீங்களும் வரிசையிலதான் நிக்கிறீங்களா?"

கூடமே அதிர்ந்தது. அவர் ஒரு கணம் முழித்தார். "ஆமாப்பா," என்றார். பிறகு பையைக் காலடியில் வைத்துவிட்டுக் கடைசிவரை அங்கேயே நின்றார்.

கைதட்டல் ஓய்ந்ததும் இறங்கிவந்து என்னிடம், "மூணாவது காட்சி நீளம்," என்றார். நீளம்தான். அது எனக்கும் தெரியும். அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 3

நேற்று எல்லாரும் சிரித்த இடங்களில் அம்மா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருந்தேன். புண்படுத்திவிட்டேனோ என்று இருந்தது. இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்.

"அந்தப் பொண்ணு முக்காலியை விட்டு எந்திரிச்சு மேல போறா பாரு. எனக்குக் கால் வலிச்சுது. உக்காந்தே இருந்த கால்."

என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். கதவைச் சாத்திவிட்டு நன்றாக அழுதேன்.

மே 6

பட்டியல் வந்துவிட்டது. நாடக மன்றம் அதில் இல்லை. அறைக் கதவிலிருந்து பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். பட்டியலின் கீழே ஐந்தாம் காட்சியின் கையெழுத்தும் இருக்கிறது. வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். திரும்பவும் கேட்டால் என்ன செய்வேன்? படிதான்.

செப்டம்பர் 11

கடைசி வருடம். பதிவாளர் அலுவலகம் எல்லாக் கட்டடத்திலும் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது: 'படிக்கட்டுகளில் ஐந்து பேருக்கு மேல் கூடுவது தடை செய்யப்பட்டுள்ளது.'

அதைப் படித்துக்கொண்டு நின்றபோது ஒரு பெண் வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், முகத்தில் தெரிந்தது.

"அக்கா, நாடகக்காரங்க நீங்கதானே?"

"மன்றமே இல்லம்மா இப்ப. எடுத்துட்டாங்க."

"அது தெரியும்க்கா. ஒத்திகை எப்பன்னு கேக்க வந்தேன்." பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். முதல் பக்கத்திலேயே படிக்கட்டை வரைந்திருந்தாள்.

"எத்தனை பாத்திரம்?"

"நாலு." சுற்றறிக்கையைக் கண்ணால் காட்டினாள். "அதைப் படிச்சிட்டுத்தான் எழுதினேன். உங்களையும் சேர்த்து அஞ்சு. பாக்குறவங்க கூடத்துலதானே நிப்பாங்க?"

வியாழக்கிழமை நாலரைக்கு வரச் சொன்னேன்.