வெள்ளிப் பூச்சுக்கு அடியில்

ஜூலை 9, வியாழன் இரவு

செவன் ஹில்ஸ் என்ற ஊரில் சுரண்டிப் பரிசு பார்க்கும் லொத்தர்ச் சீட்டு அச்சடிக்கும் ஆலையில், தென்துருவம் வரைக்குமான அதிர்ஷ்டத்துக்கெல்லாம் வெள்ளிப் பூச்சுப் பூசும் சக்கரவர்த்தி நான். தங்கை மகன் சுதனுக்கு நாளை விசா வழக்கில் தீர்ப்பு. சகுனம் பார்க்கவென்று ஒரு லொத்தர் வாங்கி வந்தவன், அதைச் சுரண்டப் பயந்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"டேய், சூரியனையே இறக்கிப் பிடிச்சாலும் தெரியாது. ஆதியில உன்னைப் போல கள்ளர் இப்பிடிப் பார்த்தவங்கள். அதுக்குத்தான் அடியில கறுப்பு மை அடிக்கிறம்."

"அப்ப விழுமோ விழாதோ எண்டது முதலே அடிச்சாச்சோ, மாமா?"

"ஓம். சுரண்டுறது சும்மா சடங்கு."

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைக் கவனித்தேன்.

"அப்ப என்ர தீர்ப்பும் எழுதியாச்சு."

லொத்தரைச் சுரண்டாமலே மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். இப்போது பக்கத்து அறையில், தீர்ப்பு வரும் முன்பே அவன் பெட்டி அடுக்கும் சத்தம் கேட்கிறது. எழுந்து போய் மறிக்கலாம். என்ன சொல்லி மறிப்பது?