புஷ்பத்துக்கு நான் கொடுத்த சொல்

செவ்வாய். இன்னும் மழை விடவில்லை.

இன்றைக்கு என் ஆங்கிலத்தை நினைத்தாலே கசக்கிறது.

போன மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆறாம் நம்பர் மலையில் குளவி கொட்டிப் புஷ்பத்தின் புருஷன் செத்துப்போனான். அந்த மலையில் மட்டும் தன்னைக் கொழுந்தெடுக்க விடவேண்டாம் என்று மேனேஜர் துரையிடம் கேட்க இன்றைக்கு அவள் ஆபீசுக்கு வந்தாள். துரைக்குத் தமிழ் வராது. மொழிபெயர்ப்பு, கிளாக்கர் ஐயாவாகிய என் தலையில் விழுந்தது.

அவள் அழவில்லை. கொழுந்து நிறையைச் சொல்வதுபோலச் சொல்லி முடித்தாள். பங்களாப் பூனைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அரைநாள் லீவு போடுகிற துரை, "இவள் என்ன மாதிரி ஆள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கலவான ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஆங்கிலப் பேப்பரைத் தலைகீழாகப் பிடிக்காத ஒரே ஆள் நான்தான் என்ற திமிர் எனக்கு. முதலில் 'ரிசர்வ்ட்', அதாவது அதிகம் பேசாதவள், என்றேன். சப்பென்று இருந்தது. உடனே, "ஸ்டோயிக், சேர்! எதையும் தாங்குவாள், வெளியே காட்டமாட்டாள்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"வெரி குட். அப்படியானால் ஆறாம் நம்பரையும் தாங்குவாள்" என்று துரை ஃபைலை மூடினார்.

வாசலில் புஷ்பம் கேட்டாள்: "என்னையப் பத்தி இங்கிலீசுல என்னமோ சொன்னீங்களே, என்னாங்கய்யா?"

"நல்லதாத்தான் சொன்னேன், புள்ள. தைரியசாலின்னு."

"அப்ப மலைய மாத்திட்டாங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். என் முகத்தில் ஒன்றும் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன். நாளைக் காலையில் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது ஆறாம் நம்பருக்கு நேரே அவள் பெயரை எழுதப்போவதும் இந்தக் கைதான்.